வேட்டியை மடித்துக் கட்டினால் கால் வரும்: பாலக்காட்டு அசைவுக் கண்காட்சி

பாலக்காடு ஸ்டேடியம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தைக் கறுப்புத் துணி போட்டு மூடி, உள்ளே ஆறு அறை தடுத்திருக்கிறார்கள். நம் உடம்பு அசைந்தால் சுவரும் தரையும் பதில் சொல்லும் டிஜிட்டல் கலைக் கண்காட்சி. டிக்கெட் வார நாளில் 350 ரூபாய், சனி ஞாயிறு 450. வெளிமாநிலத்திலிருந்து ஊர் ஊராகச் சாமானை லாரியில் ஏற்றிக்கொண்டு போகிற குழு. அடுத்தது கோவை என்று வாசலில் ஒட்டியிருக்கிறது. கீழே குறைகளும் சொல்லப்போவதால் குழுவின் பெயரை எழுதவில்லை. டவுனில் யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள்.

முழுசாகப் படிக்க நேரமில்லாதவர்களுக்கு: ஆறில் ஒன்று பிரமாதம். இரண்டு பரவாயில்லை. மிச்சம் மூன்றும் போட்டோ எடுக்க மட்டும். அந்த ஒன்றுக்காக 350 கொடுக்கலாம். 450 கொடுக்க மனசு வராது.

எனக்கு ஊர் பாலக்காடு ஜில்லாவில் தமிழ்க்காரர்கள் அதிகம் இருக்கிற கொழிஞ்சாம்பாறை. மைக் செட், லைட் செட் தொழில். இப்போது சிசிடிவியும் சேர்த்துப் பார்க்கிறேன். கோவில் பூரத் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் புரொஜக்டர் கட்டி, அதன் வெளிச்சத்தில் யார் தலை மறைக்கிறது என்று கத்தியே பாதி வாழ்க்கை போனது. அதனால் இந்த மாதிரி இடத்துக்குப் போனால் கண் முதலில் மேலே கூரைக்குத்தான் போகும்: கேமரா எங்கே, ஒயர் எப்படி ஓடுகிறது, ஃபேன் சத்தம் எதிலிருந்து வருகிறது. கூட வந்தது அம்மாவும் அக்கா மகளும். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, மூட்டு தேய்ந்து ஊன்றுகோலோடுதான் நடை. அக்கா மகள் பரதம் கற்றுக்கொள்கிறாள். இந்த இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனதால்தான் எனக்கு எழுத விஷயம் கிடைத்தது. தனியாகப் போயிருந்தால் புரொஜக்டர் மாடலை மட்டும் எழுதியிருப்பேன்.

உள்ளே போனதும் நான் செய்கிற முதல் வேலை, கையைக் காலை ஆட்டாமல் சும்மா நிற்பது. எல்லோரும் நுழைந்த உடனே கை வீசுவார்கள், திரையில் எதோ ஒன்று ஓடும், நம்மால்தான் ஓடுகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். சும்மா நின்று பார்த்தால் தெரிந்துவிடும். நாம் நிற்கும்போதும் அது அதே வேகத்தில் அதே பக்கம் ஓடினால், அது ரெக்கார்ட் பண்ணின வீடியோ. நம் அசைவு மேலே தூவின மசாலா.

முதல் அறை, தரை முழுக்கப் பூ பூக்கிற அறை, அந்த ரகம். வாசல் துணிக்கு வெளியே நின்று, உள்ளே ஆளே இல்லாத நேரத்தில் எட்டிப் பார்த்தேன். பட்டாம்பூச்சி அதே மூலையில் கிளம்பி அதே தூணைச் சுற்றி அதே இடத்தில் மறைந்தது. அப்புறம் ஆட்கள் உள்ளே வந்தபோதும் அதே பாதை. நம்மால் நடப்பது ஒன்றே ஒன்று: கால் பட்ட இடத்தில் இதழ் சிதறும். தரையிலிருந்து கணுக்கால் உயரத்தில் சுவரோரம் ஒரு லேசர் சென்சார் சுற்றுகிறது, அதன் கோட்டைக் கால் வெட்டினால் அந்த இடத்தில் இதழ் பறக்கும். கை, தலை, இடுப்பு எதுவும் அதற்குக் கணக்கில்லை. தவழ்கிற குழந்தை ஒன்று வந்தது. அதற்கு மட்டும் பெரிய புயலே அடித்தது.

ஜப்பானில் டீம்லேப் என்ற குழு 2001-இல் தொடங்கியது. 2018-இல் டோக்கியோவில் அவர்கள் திறந்த ஓர் இடத்தில் முழங்கால் அளவு தண்ணீரில் நடக்க வேண்டும். தண்ணீரின் மேல் ஒளியில் மீன்கள் ஓடும், நம் மேல் முட்டினால் பூவாகிச் சிதறும். அந்த மீன்கள் போகிற வழியைக் கம்ப்யூட்டர் அப்போதைக்கப்போது வரைகிறது, பழைய படத்தைத் திரும்ப ஓட்டுவதில்லை. அதைப் பார்த்துத்தான் உலகம் முழுக்க இந்தப் பூ அறைகள் முளைத்தன. இங்கே இருப்பது நகலின் நகல். மேலே சொல்ல ஒன்றுமில்லை.

கடைசி அறையையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். கூரையிலிருந்து எல்இடி சரங்கள் தொங்குகின்றன, நாம் ஊடே நடந்தால் வெளிச்சம் விலகி வழிவிடும் என்று வாசலில் எழுதியிருக்கிறது. விலகவில்லை. நின்றாலும் நடந்தாலும் டைமர் படிதான் எரிந்து அணைந்தது. கேட்டேன். சென்சார் ரிப்பேர் என்றான் அங்கே நின்ற பையன். சரி, அப்படியென்றால் அந்த பலகையையாவது கழற்றி வைத்திருக்கலாம். மழை விலகுகிற அறை ஒன்று நிஜமாகவே உண்டு. ரேண்டம் இன்டர்நேஷனல் என்ற குழு 2012-இல் லண்டன் பார்பிகனில் வைத்த மழை அறை. கொட்டுகிற தண்ணீருக்குள் நாம் நடக்க, மேலே இருக்கிற கேமராக்கள் நம்மைப் பார்த்து நம் தலைக்கு நேரே மட்டும் தண்ணீரை நிறுத்தும். 2018 முதல் ஷார்ஜாவில் நிரந்தரமாகவே இருக்கிறது. எங்கள் பக்கத்திலிருந்து வளைகுடா போகாத வீடு குறைவு. என் சித்தப்பா மகன் அங்கே போயிருக்கிறான். மெதுவாக நடக்கணும், கறுப்புத் துணி போட்டுக்கொண்டு போனால் கேமராவுக்கு ஆள் தெரியாமல் நனைந்துவிடுவோம் என்று முன்னாடியே சொல்லித்தான் உள்ளே விட்டார்களாம். இங்கே அப்படி ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. அது ஏன் முக்கியம் என்று இனி சொல்லப்போகிற அறையில் தெரிந்தது.

றெக்கை அறை. விளம்பரத்தில் பெரிசாகப் போட்டிருப்பது இதைத்தான், ரீல்ஸில் சுற்றுவதும் இதுதான். திரைக்கு முன்னால் நின்றால் நம் உருவம் கறுப்பு நிழலாக விழும். கையைத் தூக்கினால் நிழலின் கையிலிருந்து றெக்கை விரியும், அடித்தால் இறகு உதிரும். அமெரிக்காவின் கிறிஸ் மில்க் 2012-இல் மூன்று பெரிய திரைகளை வைத்துச் செய்த ஒரு படைப்பின் வழி வந்தது. திரைக்குக் கீழே நீளமான கறுப்புப் பெட்டி ஒன்று, முகப்பில் கண்ணாடி. பார்த்த உடனே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது, அதில் ஒன்று என் குடோனிலும் கிடக்கிறது. கினெக்ட். மைக்ரோசாஃப்ட் 2010 நவம்பரில் வீட்டு வீடியோ கேமுக்காகக் கொண்டுவந்த கேமரா. நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை ஆள் மேல் அடித்து, எது கிட்டே எது தள்ளி என்று தூரம் அளக்கும். விளையாட்டுக்காரர்களைவிடக் கலைக்காரர்கள்தான் அதைத் தூக்கிக் கொண்டாடினார்கள். 2017-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். இன்னும் உலகம் முழுக்க இப்படிப் பழைய பெட்டிகளை வைத்தே ஓட்டுகிறார்கள். அதில் தப்பில்லை, நல்ல சாமான்.

இங்கே இருப்பது இரண்டாவது மாடல். அது ஆளுடைய உருவத்தை மட்டும் பார்த்து நிற்பதில்லை. உள்ளே ஒரு எலும்புக்கூட்டைத் தேடும். தலை, தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் என்று 25 புள்ளி. அந்தப் புள்ளிகள் கிடைத்தால்தான் றெக்கையை எங்கே ஒட்டுவது என்று அதற்குத் தெரியும். எல்லா வம்பும் இங்கேதான்.

நான் வேட்டியில் போயிருந்தேன். ஓரத்தில் ஆபரேட்டர் பையன் வைத்திருந்த சின்ன மானிட்டரில் எலும்புக்கூடு கோடாகத் தெரிந்தது. எனக்குத் தலையும் கையும் கச்சிதமாக நின்றன. இடுப்புக்குக் கீழே கால் கோடு இரண்டும் கோழி கிளறுகிற மாதிரி துடித்துக்கொண்டே இருந்தது. வேட்டி ஒரே தூணாகத் தெரிவதால் எது வலது கால் எது இடது கால் என்று அதற்குப் பிடிபடவில்லை. பெரிய திரையில் என் நிழலே நடுங்கியது, றெக்கை தோளைவிட்டு நழுவிப் போனது. பையன் பாலக்காட்டுக்காரன்தான். பழக்கப்பட்டவன் போலச் சொன்னான்: "சேட்டா, முண்டு ஒந்நு மடக்கிக் குத்தியாட்டெ." மடித்துக் கட்டினேன். அந்த நொடியே கால் இரண்டும் வந்து நின்றன, றெக்கையும் ஒட்டிக்கொண்டது. வரிசையில் நின்ற ஆம்பிளைகள் நாலைந்து பேர் அப்படியே வேட்டியை மடித்துக் கட்டினார்கள். சிரிப்புத்தான். ஆனால் சேலை கட்டின பெண்கள் என்ன செய்வார்கள்? அவர்கள் நடுங்கின நிழலோடு போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

அம்மாவுக்கு அந்த நடுங்கின நிழல்கூடக் கிடைக்கவில்லை. நிற்க முடியாது என்று பிளாஸ்டிக் சேர் ஒன்று வாங்கிப் போட்டு உட்கார்த்தி வைத்தோம். அடர் பச்சைச் சேலை, மடியில் குறுக்காக ஊன்றுகோல். மானிட்டரில் ஒரு கோடும் வரவில்லை. கை தூக்கினாள். வரவில்லை. "ஏன்டா கண்ணு, இதுக்கு என்னைய மட்டும் தெரியலையா?" என்று கேட்டாள், கோபமில்லாமல்தான். பையன் ஊன்றுகோலை வாங்கி வைத்துவிட்டுப் பார்த்தான், சேரை நகர்த்திப் பார்த்தான். தோள் மட்டும் வந்து வந்து போனது.

இது முடியாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். முதல் மாடல் கினெக்டுக்கே 2012-இல், உட்கார்ந்திருப்பவர்களின் மேல் உடம்பில் 10 மூட்டுகளை மட்டும் தேடுகிற முறையை மைக்ரோசாஃப்ட் கொடுத்திருந்தது. கால் தெரியாவிட்டாலும் தோளும் முழங்கையும் வைத்து றெக்கை ஒட்டலாம் என்று புரோகிராமில் எழுதிவைத்தால் போதும். எழுதவில்லை. நிற்கிற, பேண்ட் போட்ட, வாலிப உடம்புதான் மனுஷ உடம்பு என்று எவரோ முடிவு பண்ணி ஊர் ஊராகக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

இன்னொரு கணக்கு: அந்தப் பெட்டிக்கு ஒரே நேரத்தில் ஆறு பேரைத்தான் தெரியும். ஒரு ஸ்கூல் கூட்டம் நுழைந்தது. ஏழாவதாக நின்ற பொடியன் கையை அடி அடி என்று அடித்தான், அவனுக்கு நிழலும் இல்லை றெக்கையும் இல்லை. "எனக்கு மட்டும் வரல டீச்சர்" என்று அழுகை. முன்னால் நின்றவனை டீச்சர் இழுத்த பிறகு இவனுக்கு முளைத்தது. ஆறு பேர் மட்டும் நில்லுங்கள் என்று தரையில் ஒரு கோடு போட்டிருந்தால் அந்த அழுகை இல்லை.

அக்கா மகளுக்கு வேறு பிரச்சினை. அவள் அரைமண்டியில் உட்கார்ந்து நாட்டடவு என்ற காலடி வரிசையைப் போட்டாள். முதல் காலத்தில் ஓரளவு சரி. மூன்றாம் காலத்துக்கு, அதாவது அதிவேகத்துக்குப் போனதும் நிழல் ஒரு அடி பின்தங்கி, இவள் நிறுத்தின பிறகும் தனியாக ஆடி முடித்தது. கை முத்திரைக்கு மதிப்பே இல்லை. ஒரு கைக்கு மணிக்கட்டு, கை, விரல் நுனி, கட்டைவிரல் என்று நான்கு புள்ளிதான் அந்தக் கேமராவில் உண்டு. ஒரு விரல் மடிப்பில் மட்டும் வேறுபடுகிற பதாகமும் திரிபதாகமும் அதற்கு ஒன்றே. தாமதம் எவ்வளவு என்று போனில் ஸ்லோ மோஷன் போட்டு, அவள் கையையும் திரையையும் ஒரே படத்தில் பிடித்து எண்ணிப் பார்த்தேன். நொடிக்கு 240 படம் எடுக்கிற போன். கை கிளம்பியதற்கும் நிழல் கிளம்பியதற்கும் நடுவே 48 படம், அதாவது நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. கேமராவே நொடிக்கு 30 படம்தான் எடுக்கும், அப்புறம் கம்ப்யூட்டர், அப்புறம் புரொஜக்டர் என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும். கை வீசி றெக்கை அடிக்கிற ஆளுக்கு அது தெரியாது. தாளத்துக்கு ஆடுகிறவளுக்குத் தெரியும். "மாமா, இது என் கூட ஆடல, என்னையப் பாத்துக் காப்பி அடிக்குது" என்றாள்.

சத்த அறைக்கு வருகிறேன். இது என் ஏரியா. காலியான அறை, சுவரில் படமே கிடையாது, நாம் அசைந்தால் சத்தம் வரும். கனடாக்காரர் டேவிட் ரோக்பி 1980-களிலேயே வீடியோ கேமராவையும் கம்ப்யூட்டரையும் சேர்த்து இப்படி உடம்பால் இசை எழுப்புகிற அமைப்பைச் செய்து, பல வருஷம் திருத்திக்கொண்டே இருந்தார். இந்தக் கண்காட்சிக் குழு அதைக் கேரளத்துக்கு என்று இங்கத்து மேளங்களான செண்டையும் இடக்காவும் வைத்து மாற்றியிருக்கிறது. செண்டைப் பகுதி தேறாது. கையை வெட்டினால் ஓர் அடி விழும், ஆனால் அதே தாமதம். படம் கொஞ்சம் பிந்தினால் கண் மன்னித்துவிடும், அடி பிந்தினால் காது மன்னிக்காது. அதுவும் எங்கள் ஊர்க் காது. பஞ்சாரி மேளத்தைப் பூரத்தில் நின்று கேட்டவனுக்கு, கை வீசின பிறகு யோசித்து விழுகிற செண்டை தாங்காது. நாலு மூலையிலும் ஸ்பீக்கர் தொங்குகிறது, நாலிலும் ஒரே சத்தம். எர்த் சரியில்லாமல் அடியில் ம்ம்ம் என்று ஓர் இரைச்சல் வேறு. மூன்றாவது ஸ்பீக்கரின் ஒயரைப் பவர் கேபிளோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். வாய் சும்மா இருக்கவில்லை, சொல்லிவிட்டேன். பிரித்துக் கட்டினார்கள், இரைச்சல் பாதியாகக் குறைந்தது.

ஆனால் இடக்காவை யோசித்தவர் கெட்டிக்காரர். இடக்கா அடிக்கிறவர் கயிற்றை அமுக்கி விட்டுத்தானே சுருதியை ஏற்றி இறக்குவார்? இங்கே இரண்டு கையையும் மெதுவாக விரித்தால் சுருதி ஏறுகிறது, குறுக்கினால் இறங்குகிறது. மெதுவான அசைவு என்பதால் தாமதம் காதில் விழுவதே இல்லை. சாமானின் குறையைத் தெரிந்து வைத்துக்கொண்டு அதற்கு ஏற்ற வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். அக்கா மகள் அங்கே ரொம்ப நேரம் கையை மட்டும் அலை மாதிரி நகர்த்தி ஒரு ராகத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். செண்டையை எடுத்துவிட்டு இடக்காவை மட்டும் வைத்தால் இந்த அறைக்கு நான் கூடுதல் மார்க் போடுவேன்.

கண்ணாடி அறை: சுவர் முழுக்க எல்இடி புள்ளிகள், நம் உருவம் புள்ளிப் புள்ளியாகத் தெரியும். டேனியல் ரோசின் என்ற கலைஞர் 1999-இல் 830 மரத்துண்டுகளை வைத்து, ஒவ்வொன்றையும் ஒரு குட்டி மோட்டார் சாய்க்க, மரமே கண்ணாடியாகிறபடி செய்தார். வெளிச்சம் படுகிற கோணத்தை வைத்து உருவம் தெரியும். அதன் அழகே அந்த மரத்தின் சலசலப்பு. எல்இடிக்குச் சத்தம் ஏது? ஆனாலும் யார் போனாலும் காட்டுகிறது, உடனே காட்டுகிறது. பரவாயில்லை.

இனி அந்த ஒன்று.

எழுத்து மழை அறை. வெள்ளைச் சுவர், அதன் மேல் மேலிருந்து எழுத்துகள் மெல்ல விழுந்துகொண்டே இருக்கின்றன. மலையாளம், தமிழ், இங்கிலீஷ் மூன்றும் கலந்து. நம் உருவமும் அந்தச் சுவரில் தெரிகிறது. விழுகிற எழுத்து நம் தலை மேலோ தோள் மேலோ பட்டால் அங்கேயே தங்கிவிடும். கையை மெதுவாகத் தூக்கினால் கூடவே தூக்கிக்கொண்டு வரும். சட்டென்று எடுத்தால் நழுவி விழும். கமீல் அட்டர்பேக், ரோமி அகிட்டு என்ற இரண்டு கலைஞர்கள் 1999-இல் செய்த படைப்பின் யோசனை. அவர்கள் ஒரு கவிதையின் வரிகளிலிருந்து எழுத்துகளைக் கொட்டவிட்டார்கள். பொறுமையாக ஏந்தினால் ஒரு சொல்லோ ஒரு வரியோ கையில் கூடிவரும்.

இதன் ரகசியம் ரொம்ப எளிது. எலும்புக்கூடு தேடுவதில்லை. ஆள் யார், கால் எத்தனை, ஒன்றும் கேட்பதில்லை. பின்சுவர் வெளிச்சம், முன்னால் இருப்பது இருட்டு. இருட்டு எங்கே தொடங்குகிறதோ அங்கே எழுத்து நிற்கும், அவ்வளவுதான். இந்த வழி இன்னும் பழையது. மைரன் க்ரூகர் என்பவர் 1970-களில் அமெரிக்காவில் கேமராவையும் புரொஜக்டரையும் வைத்து, ஆளின் நிழலுருவத்தோடு கம்ப்யூட்டர் படம் விளையாடுகிற இடத்தை உருவாக்கினார். கையை நீட்டினால் ஒரு குட்டிப் பூச்சி நிழல் மேல் ஏறி விளையாடும். அரை நூற்றாண்டுப் பழசான அந்த முறைக்கு வேட்டியும் சேலையும் ஒன்றுதான். ஊன்றுகோலும் உடம்பில் ஒரு பாகம்.

அம்மாவின் சேரை நகர்த்திப் போட்டோம். உட்கார்ந்த உடனே தலை மேல் ஒரு 'ழ' வந்து உட்கார்ந்தது. அம்மா சுவரைப் பார்த்தாள், மேலே பார்த்தாள், திரும்பவும் சுவரைப் பார்த்தாள். அப்புறம் யாரும் சொல்லித்தராமல் முந்தானையை எடுத்து இரண்டு கையிலும் விரித்துப் பிடித்தாள், தோட்டத்தில் புளி உலுக்கும்போது பிடிப்பாளே அப்படி. எழுத்துகள் முந்தானையில் விழ ஆரம்பித்தன. மலையாள 'ற', தமிழ் 'ம', இங்கிலீஷ் ஒன்றிரண்டு. விழுந்து குவிந்தன. பக்கத்தில் நின்ற குழந்தைகளின் தலையில் ஒன்றிரண்டுதான் நிற்கும். அம்மாவின் முந்தானையில் ஒரு குவியல். அந்த ஸ்கூல் பிள்ளைகள் ஓடிவந்து "பாட்டி, எங்களுக்கும், எங்களுக்கும்" என்றார்கள். முந்தானையின் ஒரு பக்கத்தை மெல்லச் சாய்த்தாள். எழுத்தெல்லாம் சரிந்து ஓர் ஓரமாகக் கொட்ட, பிள்ளைகள் அடியில் கை ஏந்தி நின்றார்கள். றெக்கை முளைக்காமல் அழுத பொடியனும் அதில் இருந்தான். ஊன்றுகோலை நீட்டி ஒரு எழுத்தை அதன் நுனியில் நிறுத்தினாள், பையன்கள் கை தட்டினார்கள். மற்ற அறைகளில் பத்து நிமிஷத்தில் வெளியே அனுப்பிய ஆட்கள் இங்கே ஒன்றும் சொல்லவில்லை. ஆபரேட்டர் பெண்ணே போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பாலக்காட்டில் நிழலுக்கு மரியாதை அதிகம். பகவதி கோவில்களில் கூத்துமாடம் என்று தனிக் கட்டடமே கட்டி, மான் தோல் பொம்மைகளுக்குப் பின்னால் 21 விளக்கு ஏற்றி, ராத்திரி ராத்திரியாகக் கம்ப ராமாயணத்தைத் தமிழ்ப் பாட்டிலேயே சொல்லி ஆடுகிற தோல்பாவைக்கூத்து இங்கேதான் நடக்கிறது. அதை வழிவழியாகச் செய்கிற குடும்பத்தில் ராமச்சந்திரப் புலவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நிழல் காட்ட வந்த குழுவுக்கு அந்தப் பக்கம் ஓர் எட்டுப் போய்க் கேட்கணும் என்று தோன்றவில்லையே என்பது என் ஆதங்கம். றெக்கைக்குப் பதிலாக ஜடாயு இறகு என்று ஒருவர் வரைந்து கொடுத்திருந்தால் அந்த அறையும் வேறு மாதிரி ஆகியிருக்கும்.

எழுத்து அறையிலும் குறை உண்டு, தமிழ்க்காரனாகச் சொல்லியே ஆகணும். தமிழ் எழுத்துகள் உடைந்து விழுகின்றன. 'கொ' விழும்போது முன்னால் ஒற்றைக் கொம்பு தனியாக, நடுவில் 'க' தனியாக, பின்னால் கால் தனியாக, மூன்றும் மூன்று வேகத்தில். கொம்பு அம்மாவின் தோளில், கால் எனக்கு. மெய்யெழுத்தின் புள்ளி கழன்று தனியாகத் தூறல் மாதிரி விழுகிறது. மலையாளத்தில் சில கூட்டெழுத்தும் அப்படியே பிரிந்தது. எழுத்தை உருவமாகப் பார்க்காமல் கம்ப்யூட்டர் குறியீடு ஒவ்வொன்றாக எடுத்துக் கொட்டியிருக்கிறார்கள். இங்கிலீஷுக்கு அது பொருந்தும், நமக்குப் பொருந்தாது. அம்மாவுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை, அவள் கொம்பையும் பொறுக்கிக்கொண்டாள். கொழிஞ்சாம்பாறையிலும் வண்ணாமடையிலும் தமிழ் மீடியம் பிள்ளைகள் படிக்கிறார்கள், அவர்கள் இதைப் பார்க்க வருகிறார்கள். சரியாக வைக்கலாம். வெளியே கருத்து நோட்டில் படம் போட்டே விளக்கி எழுதிவைத்தேன்.

ஏற்பாடு பற்றிக் கொஞ்சம். நாங்கள் எழுத்து அறையில் இருக்கும்போது கரண்ட் போனது. அது யார் கையிலும் இல்லை, சரி. ஆனால் இத்தனை கம்ப்யூட்டருக்கும் பேட்டரி பேக்கப் இல்லாமல் டிக்கெட் விற்றிருக்கிறார்கள். ஜெனரேட்டர் எடுத்த பிறகும் ஒவ்வொரு அறையாகத் திரும்பக் கேமராவைச் சரிபார்த்து ஓட்ட அரை மணி நேரம் ஆனது. அந்த நேரத்தில் உள்ளே ஏசியும் இல்லை, பாலக்காட்டு மார்ச் வெயில், கறுப்புத் துணிக்குள் அத்தனை கூட்டம். பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களுக்கு டிக்கெட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினார்கள். கவுண்டரில் இருந்தவர் பேசின விதம் நன்றாக இல்லை. உள்ளே நின்ற பையன்களும் பெண்களும்தான் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்துச் சமாளித்தார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

வாசலில் மூன்று படி, சாய்தளம் கிடையாது. வீல்சேரில் வருபவர்களைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டும். உள்ளே உட்கார இடமில்லை, சேர் கேட்டால் தருகிறார்கள். செருப்பைக் கழற்றச் சொல்வது பூ அறையில் மட்டும். வலிப்பு வருகிறவர்களுக்குப் பளிச் பளிச் வெளிச்சம் ஆகாது. எல்இடி சர அறைக்கு வெளியே அதற்கும் எச்சரிக்கை இல்லை, தெரிந்தவர்கள் அந்த அறையைத் தவிர்த்துவிடுங்கள். வெளிர் நிறத் துணியாகப் போட்டுக்கொண்டு போனால் றெக்கைக் கேமராவுக்கு நல்லது, எழுத்து அறையில் அடர் நிறம் நல்லது. இரண்டுக்கும் சேர்த்து வெளிர்ச் சட்டையும் ஒரு அடர் நிறத் துண்டும் போதும்; துண்டை விரித்துப் பிடித்தால் முந்தானை பண்ணின வேலையை அதுவும் பண்ணும். போகிற நேரம் வார நாள் மதியம். ஸ்கூல் கூட்டம் பதினொரு மணிக்கு வந்து ஒரு மணிக்குக் கிளம்பிவிடுகிறது. டிக்கெட்டை ஆன்லைனில் எடுத்தால் தனியாக ஒரு கட்டணம் பிடிக்கிறார்கள், நேரில் எடுங்கள்.

நான் நோட்டில் எழுதி இரண்டு வாரம் கழித்து என் மச்சான் பிள்ளைகளோடு போய்வந்தான். வந்ததும் போன் பண்ணினான். சர அறையின் பலகையைக் கழற்றிவிட்டார்களாம். 'கொ'வின் கொம்பும் காலும் இப்போது ஒட்டியே விழுகின்றனவாம். புள்ளி மட்டும் இன்னும் தனியாகத்தான் விழுகிறது என்றான்.